சார்ஜர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? மின்வண்டி வைத்திருக்கும் உழவர்களுக்குச் சில விளக்கங்கள்

நேரடி விற்பனை செய்யும் இயற்கை உழவர்கள் பலர் இப்போது மின்வண்டிக்கு மாறி வருகிறார்கள். கீரைக்கட்டும் காய்கறியும் ஏற்றி உழவர் சந்தைக்குப் போக மூன்று சக்கர வண்டி, பால் ஊற்றப் போக ஸ்கூட்டர் என்று ஊருக்கு நாலைந்து வண்டிகள் ஓடுகின்றன. டீசல் செலவு குறைகிறது, புகையும் இல்லை. நல்ல விஷயம்தான். மோட்டார் காயில் கட்டும் வேலையும் எனக்குத் தெரியும் என்பதால், பயிற்சி முகாம்களில் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இந்த வண்டிகளைப் பற்றியதாகவே இருக்கிறது. அதிகம் கேட்கப்படுபவை மூன்று:

"அண்ணே, என் சார்ஜர் போயிருச்சு. தம்பி வண்டி சார்ஜரும் 48 வோல்ட்தான். அதை மாட்டலாமா?"

"பம்பு செட்டு இலவச கரண்ட்லயே வண்டிக்கும் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"மழைக்காலத்துல சோலார் பம்பு சும்மாதானே கிடக்கு. அந்தப் பேனலை வச்சு வண்டிக்கு சார்ஜ் ஏத்த முடியாதா?"

இந்த மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டுமானால், சார்ஜர் என்று நாம் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குள் இருப்பது ஒரு கன்வெர்ட்டர். அதாவது மின்சாரத்தை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித் தரும் கருவி. வண்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்குத்தான். அந்தப் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதையும், வண்டி நிற்கும் இடம் பாதுகாப்பாக இருக்குமா என்பதையும் பெருமளவு இந்தப் பெட்டியே முடிவு செய்கிறது.

கம்பியில் வருவது வேறு, பேட்டரிக்கு வேண்டியது வேறு

மின்வாரியக் கம்பியில் வருவது ஏ.சி. மின்சாரம்: 230 வோல்ட், ஒரு நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி வரும். பேட்டரிக்கு வேண்டியது டி.சி.: ஒரே திசை, வண்டியைப் பொறுத்து 48, 60 அல்லது 72 வோல்ட் அளவில். வாய்க்காலில் முன்னும் பின்னும் அலையடிக்கும் தண்ணீரை ஒரே பக்கம் ஓடவைத்து, வேகத்தைக் குறைத்து, நாற்றங்காலுக்குப் பதமாக விடுவது போன்ற வேலை இது. பெட்டிக்குள் இது நான்கு படிகளில் நடக்கிறது.

முதல் படி, ரெக்டிஃபையர். நான்கு டையோடுகள் ஃபுட் வால்வு போல வேலை செய்து மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும். 230 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு. அலையின் உச்சம் 325 வோல்ட். ஆகவே இங்கே கிடைப்பது சுமார் 325 வோல்ட் டி.சி. அதை ஒரு கெப்பாசிட்டர், தொட்டியைப் போல, தேக்கி வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்தத் தொட்டியில் மின்சாரம் நின்றிருக்கும். "பிளக்கைக் கழட்டிட்டேனே" என்று உடனே சார்ஜரைத் திறப்பவர்களுக்கு உயிர் போகும் அளவு அடி விழுவது இதனால்தான்.

இரண்டாம் படி, சுவிட்ச். மடையில் தண்ணீரைக் குறைக்க இரண்டு வழி உண்டு. கல்லை வைத்துப் பாதி அடைக்கலாம். இல்லை, முழுதாகத் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, முழுதாக மூடலாம். மின்சாரத்தைப் பாதி அடைத்தால், அடைபட்டது எல்லாம் சூடாக வீணாகும். அதனால் சார்ஜரில் இருக்கும் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும். ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்ற விகிதத்தை மாற்றினால் வெளியே போகும் மின்சாரம் கூடும், குறையும்.

மூன்றாம் படி, டிரான்ஸ்ஃபார்மர். பழைய பேட்டரிக் கடை சார்ஜரைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள், இரும்புக் கனம். 50 சுற்றில் வேலை செய்யும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அவ்வளவு இரும்பு தேவை. பல்லாயிரம் முறை திறந்து மூடினால் உள்ளங்கையில் அடங்கும் ஃபெரைட் துண்டே போதும். இன்றைய சார்ஜர் சிறுத்துப் போனதற்கு இதுதான் காரணம். இந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்னொரு முக்கியமான வேலையும் செய்கிறது. உள்ளே வரும் ஒயருக்கும் வெளியே போகும் ஒயருக்கும் நேரடித் தொடுப்பே இல்லை. நடுவில் காந்தத்தின் வழியாகத்தான் சக்தி கடக்கிறது. ஈரத்தரையில் செருப்பில்லாமல் நின்று வண்டியைத் தொடும் நமக்கு இந்த இடைவெளிதான் உயிர்க்காவல். மலிவான ஒட்டுவேலை சார்ஜர்களில் முதலில் கோட்டைவிடப்படுவதும் இந்த இடம்தான்.

நான்காம் படி, மறுபடியும் டையோடு, காயில், கெப்பாசிட்டர். துண்டு துண்டாக வரும் மின்சாரத்தைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும்.

காயில் செய்யும் வேலை

காயிலைப் புரிந்துகொள்ள நம்ம கிணற்றுக் குழாயே போதும். நீளமான குழாயில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போனால் 'டொம்' என்று குழாய் அதிரும் அல்லவா? ஓடுகிற தண்ணீர் சட்டென்று நிற்க மறுக்கிறது. காயிலில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான், சட்டென்று நிற்காது. நிறுத்தினால் அழுத்தம் கூடிவிடும்.

மலைப்பகுதி உழவர்கள் சிலர் ஹைட்ராலிக் ராம் பம்பு பார்த்திருப்பார்கள். கரண்டும் இல்லை, டீசலும் இல்லை. ஓடைத் தண்ணீரை ஓடவிட்டு வால்வைத் திடீரென்று மூட, அந்த அதிர்ச்சியின் அழுத்தத்திலேயே ஒரு பங்கு தண்ணீர் மேட்டுக்கு ஏறும். குறைந்த வோல்ட்டைக் கூடுதல் வோல்ட்டாக்கும் 'பூஸ்ட்' கன்வெர்ட்டர் இதே வேலையைச் செய்கிறது. கூடிய வோல்ட்டைக் குறைப்பது 'பக்' கன்வெர்ட்டர். குறைத்தாலும் கூட்டினாலும் மொத்த சக்தி கூடாது. வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும், வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும். நடுவில் கொஞ்சம் சூடாகப் போகும், அவ்வளவுதான்.

'48 வோல்ட்' என்று எழுதியிருந்தால் போதாது

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஸ்டிக்கரில் 48 வோல்ட் என்று இருக்கும் பேட்டரிகள் எல்லாம் ஒன்றல்ல. பேட்டரி நிறையும்போது எத்தனை வோல்ட்டில் சார்ஜர் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பாருங்க:

லெட் ஆசிட், 12 வோல்ட் பேட்டரி நான்கு சேர்ந்தது: சுமார் 57.6 வோல்ட். நிறைந்தபின் 54 வோல்ட் அளவுக்கு இறங்கி, மெதுவாகத் தாங்கிக்கொண்டே இருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி., 16 செல்: 58.4 வோல்ட்.

லித்தியம் என்.எம்.சி., 14 செல்: 58.8 வோல்ட்.

லித்தியம் என்.எம்.சி., 13 செல்: 54.6 வோல்ட்.

நான்கும் கடையில் '48 வோல்ட்' என்றே விற்கும். கடைசிப் பேட்டரியில் மூன்றாவதின் சார்ஜரை மாட்டினால் என்ன ஆகும்? 58.8-ஐ 13-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 4.52 வோல்ட். அந்தச் செல் தாங்கும் எல்லை 4.2 வோல்ட். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை அதைத் துண்டிக்க வேண்டும்; பெரும்பாலும் துண்டிக்கும். ஆனால் அது கடைசிக் காவல். தினமும் அதை நம்பி ஓட்டுவது, கரை உடைகிற வரைக்கும் ஏரியில் தண்ணீர் விடுவதற்குச் சமம். லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டுவதும் ஆபத்துதான். சில லெட் ஆசிட் சார்ஜர்கள் செல்களைச் சமன் செய்ய அவ்வப்போது 60 வோல்ட்டுக்கு மேலேயும் ஏற்றும். நிறைந்த பிறகும் தொடர்ந்து தாங்கி நிற்பது லித்தியத்துக்குத் தேவையில்லை. அதன் ஆயுளைக் குறைக்கும்.

நம் பஞ்சகவ்யா தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயருக்கும் இதே விதிதான். அதில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருந்தால் அதன் சார்ஜர், லித்தியமாக மாற்றினால் லித்தியத்துக்கான சார்ஜர். பின் பொருந்துகிறது என்பதற்காக மாட்டக்கூடாது.

முதலில் வேகம், பிறகு நிதானம்

நல்ல சார்ஜர் பேட்டரியை இரண்டு கட்டமாக நிரப்பும். முதலில் ஆம்பியரை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். வோல்ட் மெல்ல ஏறும். உச்ச வோல்ட் வந்ததும் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வரும். பால் கேனை நிரப்பும்போது முக்கால்வாசி வரை வேகமாக ஊற்றி, கழுத்துக்கு வந்ததும் நிதானமாக ஊற்றுகிறோம் அல்லவா, அதேதான். அதனால்தான் கடைசிப் பத்து சதவீதம் ஏறுவதற்கு நேரம் பிடிக்கிறது. சார்ஜர் பழுது என்று நினைக்க வேண்டாம்.

லோ வோல்டேஜும் நீள ஒயரும்

600 வாட் வெளியே தரும் ஒரு ஸ்கூட்டர் சார்ஜர், பத்து சதவீதம் சூடாக இழந்தால், சுமார் 667 வாட் உள்ளே இழுக்கும். 230 வோல்ட்டில் இது 2.9 ஆம்பியர். ஊரில் வோல்ட் 160-க்கு இறங்கினால், பேட்டரிக்கு அதே சக்தியைத் தர வேண்டும் என்பதால் 4.2 ஆம்பியர் இழுக்கும். வோல்ட் குறைந்தால் குண்டு பல்பு மங்கும். சார்ஜர் மங்காது, கூடுதலாக இழுக்கும். ஒயரும் பிளக்கும் சூடாவது இதனால்தான். சார்ஜர் வாங்கும்போது உள்ளீட்டு வோல்ட் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 180 வோல்ட்டுக்குக் கீழே தாங்காத சார்ஜர் கடைக்கோடிக் கிராமத்துக்கு ஆகாது.

சரக்கு வண்டிக்கு 3 கிலோவாட் அளவில் சார்ஜ் போட்டால் 13 ஆம்பியர் ஓடும். வீட்டிலிருந்து கொட்டகைக்கு 50 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர ஒயரின் தடை சுமார் 0.74 ஓம். 9.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். சுமார் 125 வாட் ஒயரைச் சூடாக்குவதற்கே செலவாகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

சிலர் "சார்ஜரை வீட்டிலேயே வச்சுட்டு டி.சி. ஒயரை மட்டும் கொட்டகைக்கு நீட்டிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. அதே 3 கிலோவாட் 50 வோல்ட்டில் போக வேண்டுமானால் 60 ஆம்பியர் ஓட வேண்டும். அந்த 2.5 ஒயரில் 44 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். அதற்கு முன்பே ஒயர் உருகும். நீண்ட தூரத்துக்கு 230 வோல்ட் ஏ.சி., வண்டிக்குப் பக்கத்தில் சார்ஜர். இதுதான் சரி.

இலவச மின்சாரத்தில் போடலாமா?

வேளாண் இணைப்பு பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்டது. எந்தப் பயன்பாட்டுக்கு இணைப்பு கொடுக்கப்பட்டதோ அதைவிட்டு வேறு வேலைக்கு எடுத்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கலாம். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடலாம். போராடிப் பெற்ற இலவச மின்சாரத்தை ஒரு வண்டிக்காகச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கணக்கும் பார்த்துவிடுவோம். 7.4 யூனிட் கொள்ளளவுள்ள சரக்கு வண்டிப் பேட்டரியை முழுதாக நிரப்ப, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, எட்டே கால் யூனிட் போதும். வீட்டு இணைப்பில் போட்டாலும் அதே தூரத்துக்கு ஆகும் டீசல் செலவோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை.

சோலார் பேனலிலிருந்து

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. 5 எச்.பி. சோலார் பம்புக்கு ஏறக்குறைய 4.8 கிலோவாட் பேனல் இருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும் என்று வைத்தால், சுமார் 19 யூனிட். பம்பு ஓடாத நாளில் இரண்டு சரக்கு வண்டிகளை நிரப்பும் சக்தி வயலில் வீணாகிறது. மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்திலும் இதற்கு ஒரு வழி உண்டு. யு.எஸ்.பி.சி. என்னும் பொதுப்பயன் சோலார் பம்பு கன்ட்ரோலரை வைத்தால், அதே பேனலில் பம்பு ஓடாத நேரம் தீவன வெட்டும் கருவி, மாவு மில், பேட்டரி சார்ஜர் போன்றவற்றை இயக்கலாம். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் வேளாண் பொறியியல் துறையில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே பம்பு வைத்திருப்பவர்கள் பேனல் ஒயரில் தாங்களே கை வைக்கக் கூடாது. பேனல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் அதில் பல நூறு வோல்ட் டி.சி. இருக்கும். ஏ.சி. தீப்பொறி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வருவதால் தானே அணைய வாய்ப்பு உண்டு. டி.சி. தீப்பொறி அணையாமல் நின்று எரியும். உத்தரவாதமும் போய்விடும்.

தனியாகச் சிறிய அமைப்பு போட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 330 வாட் பேனல் ஒன்று நல்ல வெயிலில் சுமார் 38 வோல்ட் தரும். 48 வோல்ட் பேட்டரி நிறைய 58 வோல்ட் வேண்டும் என்பதால் இதை நேரடியாகக் கொடுத்தால் ஏறாது. இரண்டு பேனலைத் தொடராகக் கோத்தால் சுமார் 75 வோல்ட், 8.8 ஆம்பியர், 660 வாட். விலை குறைந்த பி.டபிள்யு.எம். கன்ட்ரோலர் பேனலை அப்படியே பேட்டரியோடு கோத்துவிடும். பேட்டரி 54 வோல்ட்டில் இருந்தால் 9 ஆம்பியர் அளவுதான் போகும்; அதாவது 486 வாட். எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்குள் இருப்பது உண்மையான பக் கன்வெர்ட்டர். 75 வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டும்; ஐந்து சதவீதம் இழந்தாலும் 11.6 ஆம்பியர் போகும். பேனல் விலை போட்ட பிறகு கன்ட்ரோலரில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒன்று: நிறுவன ஸ்கூட்டர்கள், சரக்கு வண்டிகள் பலவற்றில் சார்ஜரும் பேட்டரியும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்ட பிறகே மின்சாரம் ஏறும். அவற்றுக்கு வெளியிலிருந்து டி.சி. கொடுக்க முடியாது; முயலவும் கூடாது. அங்கே பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட் ஏ.சி. ஆக்கி, நிறுவன சார்ஜரையே மாட்ட வேண்டும். இரண்டு முறை மாற்றுவதால் நூறில் இருபது பங்கு வரை இழப்பு வரும். பரவாயில்லை, பேட்டரி பத்திரம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மலிவு சார்ஜர்களில் பவர் ஃபேக்டர் 0.6 அளவுக்கு இருக்கும் என்பதால், 667 வாட் இழுக்கும் சார்ஜருக்கு 1,100 வி.ஏ.வுக்கு மேல் இன்வெர்ட்டர் வேண்டியிருக்கும். வீட்டில் இருக்கும் 850 வி.ஏ. போதாது.

உயிருக்கான எச்சரிக்கை

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தயாரான பழைய வண்டியை மலிவாக வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பண்ணையில் கடைப்பிடிக்க வேண்டியவை:

வண்டியை வீட்டுக்குள்ளோ, வெளியேறும் வழியிலோ, வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ நிறுத்தி சார்ஜ் போட வேண்டாம். கூரை உள்ள, காற்றோட்டமான தனி இடம் வேண்டும். லெட் ஆசிட் என்றால் ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டம் மிக முக்கியம்.

மாட்டுக் கொட்டகையும் கூடாது. கோமியத்திலிருந்து வரும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பிளக் கால்கள் பச்சை பூத்து, தொடுப்பு தளர்ந்து சூடாகும். ஜீவாமிர்தத் தொட்டி இருக்கும் இடத்துக்கும் இது பொருந்தும். மாடுகள் மின்கசிவைத் தாங்கா. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், நமக்குத் தெரியாத கசிவுகூட அவற்றைத் தாக்கும்.

எர்த் குழி சரியாக இருக்க வேண்டும். சார்ஜர் இணைப்புக்குத் தனி எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். சரக்கு வண்டிக்கு 16 ஆம்பியர் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 45 டிகிரி தாண்டும்போது லித்தியம் பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள். வண்டி ஓட்டி வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டு, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.

பேட்டரி உப்பினாலோ புகைந்தாலோ பக்கத்தில் போக வேண்டாம். அந்தப் புகை நச்சு. முடிந்தால் தூரத்திலிருந்து மெயினை நிறுத்தி, ஆட்களையும் ஆடு மாடுகளையும் விலக்கி, 101-க்கு அழையுங்கள்.

வாங்கும் முன்

இன்றே உங்கள் வண்டியின் பேட்டரி ஸ்டிக்கரையும் சார்ஜர் ஸ்டிக்கரையும் செல்போனில் படம் பிடித்து, பேட்டரியின் வகை, உச்ச வோல்ட், ஆம்பியர், உள்ளீட்டு வோல்ட் ஆகிய நான்கையும் பண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மாற்று சார்ஜர் வாங்கும்போது இந்த நான்கும் பொருந்த வேண்டும். நிறுவன வண்டி என்றால் அந்த மாடலுக்கான சார்ஜரையே கேளுங்கள். பெயரே இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். ஒரு குழுவில் ஐந்தாறு பேர் வண்டி வாங்குவதாக இருந்தால், இந்த நான்கும் ஒன்றாக இருக்கும்படி ஒரே மாடலாக வாங்குங்கள். ஒருவர் சார்ஜர் பழுதானால் இன்னொருவருடையதைத் தைரியமாக மாட்டலாம். ஒரு மாற்று சார்ஜரைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் சந்தை தவறாது. விதையையும் எருவையும் பகிர்ந்துகொள்வது போல இதையும் பகிர்ந்துகொள்ளலாம்.

சார்ஜரில் பெரும்பாலும் பழுதாவது ஃபியூஸ், விசிறி, கெப்பாசிட்டர் ஆகியவைதான். தெரிந்தவர் கையில் கொடுத்தால் பல சார்ஜர்கள் மீண்டும் வேலை செய்யும். நம் கிராம இளைஞர்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் தற்சார்பு. அடுத்த பயிற்சி முகாமுக்கு வரும்போது ஸ்டிக்கர் படத்தைக் கொண்டு வாருங்கள். எந்த சார்ஜர் பொருந்தும், எது பொருந்தாது என்று உட்கார்ந்து பார்ப்போம்.